ஆறு பல் வித்தியாசம்

இன்று காலை பாஸ்கர் கடைக்குப் போயிருந்தேன். நெல்லித்தோப்பில் இருந்த கடையைக் காலி செய்துகொண்டு உழவர்கரைப் பக்கம் போகிறான். டியூப்கள், பழைய ஹேண்டில்பார்கள், பிரேக் கட்டைகள் எல்லாம் அட்டைப் பெட்டிகளுக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் போனது ஒரு செயின் வாங்க. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டின் கோடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டியிருந்தது. மேலே கறுப்பு மார்க்கரில் உன் பெயர்.

"அக்கா, இத்த நான் எவ்ளோ நாள் வெச்சிருக்கறது. தூக்கிப் போட மனசு வரல. அவங்க வீட்ல போய்க் குடுக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான்.

பிரிக்காமலேயே தெரிந்தது. அந்தக் கனம், அந்த வட்டம், காய்ந்த கிரீஸ் வாசனை. சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டுகிற பல்சக்கர அடுக்கு. கேசட் என்போம். பதினொரு பல்லில் தொடங்கி முப்பத்திநாலு பல் வரை போவது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியும் வாசனை விரலில் நிற்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நாம் பேசி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது, ஏனென்றால் நீ உயிரோடு இருந்த கடைசி இருபது நாளும் நாம் பேசவில்லை.

நாம் ஒன்றாகப் படித்தவர்கள் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த சிநேகிதம். மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் மருந்துக்கான அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில், நாள் முழுக்க நின்றபடி பெட்டிகளில் பிழை பார்க்கிற வேலை எனக்கு. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால் லாஸ்பேட்டை மைதானத்தில் நடக்க வந்தேன். நீ ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விடுமுறை நாளிலும் கழுத்தில் விசில் தொங்கும். மூன்றாவது நாள் என்னை நிறுத்தி, "நீ நடக்கறது உனக்காவது தெரியுதா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. அதுவே நமக்குப் பழக்கமாகிவிட்டது. நீ குத்துவாய், நான் சிரிப்பேன்.

உன் சைக்கிள் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாய். பத்துப் பன்னிரண்டு பேர், நம் இருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் மூத்தவர் மர்சேல் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், அறுபது தாண்டியும் நம்மோடு மிதிப்பவர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்த் திரும்புவோம். அந்த ஆண்களுக்குச் சமமாக, சில நாள் அவர்களுக்கும் முன்னால் நீ போவாய். புதிதாக வருகிறவர்களிடம் மர்சேல் அண்ணன் உன்னைக் காட்டி, "மொதல்ல அந்தம்மாவ முந்திட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பார். அந்தப் பெயர் உனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் காப்பாற்ற நீ எதுவரை போவாய் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

எனக்குச் சைக்கிள் தேடித் தந்தவளும் நீதான். யாரோ ஆறு மாதம் ஓட்டிவிட்டு அலுத்துப்போய் விற்ற ரோடு சைக்கிளை பாஸ்கரிடம் சொல்லி எனக்காக எடுத்துவைத்தாய். அதில் பின்னால் இருந்த பெரிய சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல். அது என்ன கணக்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. கோரிமேட்டு ஏற்றத்தையும் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தையும் விட்டால் நம் ஊர்த் தரை தாம்பாளம் மாதிரி கிடக்கிறது.

ஏலகிரிக்குப் போனபோதுதான் தெரிந்தது. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே மூச்சு முட்டியது. ஐந்தாவதில் முழு உடம்பையும் வைத்து அழுத்தியும் மிதிகட்டை இறங்கவில்லை. சைக்கிள் அப்படியே நின்று பக்கவாட்டில் சாய்ந்தது. இறங்கித் தள்ளத் தொடங்கினேன். மர்சேல் அண்ணன் எனக்காக நின்று, என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"இந்த பிஞ்ஞோன் மலைக்கு ஆவாதும்மா" என்றார். பல்சக்கரத்துக்கு அவர் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை அது. "பின்னாடி பல்லு கூடக்கூட காலுக்குப் பாரம் கொறையும். மெதுவாப் போவீங்க, ஆனா ஒக்காந்துகினே போயிடலாம். முப்பத்திரெண்டு, முப்பத்திநாலு போடுங்க. வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல."

நான் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் எல்லோரும் டீக்கடையில் இரண்டாவது டீயில் இருந்தீர்கள். கடைசி வளைவில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை நீ போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாய். ஊர் வந்து சேர்வதற்குள் அது கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் ஓடியது. 'சைக்கிளுக்கு வாக்கிங்' என்று நீ போட்டிருந்த வரியையும் நான் மறக்கவில்லை. நானும் சிரிக்கிற பொம்மையைத்தான் போட்டேன்.

அடுத்த வாரம் பாஸ்கர் கடைக்குப் போய் முப்பத்திநாலு பல் கேசட் கேட்டேன். எங்கிருந்து மோப்பம் பிடித்தாயோ, நீயும் வந்து நின்றாய்.

"இன்னாடி, கெழவிங்க மாதிரி ஆயா கியர் போடப் போறியா?"

"முட்டி வலிக்குதுடி. மர்சேல் அண்ணன்தான் சொன்னாரு."

"அவருக்கு அறுபத்தி ரெண்டு வயசு, அவரு சொல்வாரு. உனக்கு என்ன வயசு? ஒங்கப்பா எங்கப்பா ரெண்டு பேரும் மில்லு ஷிப்டுக்கு எதுல போனாங்க? அதுல கியரா இருந்துச்சு? பலம் கால்ல வரணும், இரும்புல இல்ல. பாஸ்கர், இவளுக்குக் குடுக்காத."

பாஸ்கர் என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேறு சைக்கிளுக்குப் போய்விட்டான். நான் உன்னோடு வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தேன். பணம் என்னுடையது, முட்டி என்னுடையது, சைக்கிள் என்னுடையது. ஆனாலும் நீ வேண்டாம் என்றதும் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. இதை இப்போது எழுதும்போது உன்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் அதிகமாக வருகிறது.

அதன்பிறகு மூன்று வருஷம் நான் அந்த இருபத்தெட்டுப் பல்லோடுதான் மலை ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது தவறு, தள்ளினேன். வாரம் இரண்டு நாள் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் பத்து முறை ஏறி இறங்கவைத்தாய். மேலே நின்று விசில் ஊதுவாய். வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கி நம்மைப் பார்த்துவிட்டுப் போவார்கள். "எந்திரிச்சு நின்னு மிதிடி" என்று கத்துவாய். மேம்பாலம் எனக்குப் பழகியது. மலை பழகவில்லை. மேம்பாலம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், மலை முடியாது. இவ்வளவு சின்ன விஷயத்தை ஒரு விளையாட்டு டீச்சருக்கு யார் சொல்லித் தரவேண்டும்? உனக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கிறேன். மலையில் நீ முன்னால் போவதற்கு நான் பின்னால் வர வேண்டியிருந்தது. கூட்டத்தில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்தால்தான் மற்றவள் ஏறியது எல்லோர் கண்ணிலும் பெரிதாகப் படும். தப்பாக நினைக்கிறேனா? இருக்கலாம். மறுத்துச் சொல்ல நீ இல்லை.

கடைசியாக ஏலகிரி போனது இரண்டு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரியில். அன்று நீ ஏறிய விதத்தில் ஏதோ புதிதாக இருந்தது. எப்போதும் எழுந்து நின்று மிதிப்பவள், உட்கார்ந்தபடியே போனாய். கால்கள் தையல் மெஷின் மாதிரி வேகவேகமாகச் சுற்றின. ஆனால் முன்பு போல ஆண்களோடு போகவில்லை, நடுவில்தான் போனாய். எனக்கு அது மனதில் நிற்கவில்லை. வழக்கம்போல ஆறாவது வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்துசேர்ந்தேன். டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்க்க இடம் தேடி, உன்னுடையதற்குப் பக்கத்தில் சாய்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். உன் பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரம். செயினைத் தாங்கும் கையைக்கூட நீளமானதாக மாற்றியிருந்தாய். மண்டியிட்டு விரலை வைத்து எண்ணினேன். முப்பத்திநாலு. நம்ப முடியாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

பெட்டியில் பிழை கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. பிழையைப் பார்த்தால் கையைத் தூக்கி மெஷினை நிறுத்தச் சொல்லவேண்டும். அன்றும் அதைத்தான் செய்தேன்.

"எல்லாரும் இங்க வாங்க" என்றேன். "வந்து எண்ணுங்க. மேடம் ஆயா கியர் போட்டிருக்காங்க."

டீ கிளாசோடு வந்தார்கள். ஒருவர் உண்மையிலேயே குனிந்து எண்ணினார். யாரோ விசிலடித்தார்கள். "அதான் தையல் மெஷினா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மர்சேல் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "அலே, அலே, போங்க, டீயக் குடிங்க" என்று பிரெஞ்சும் தமிழுமாக அவர்களைக் கலைக்கப் பார்த்தார்.

நீ பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. வெட்கத்தில் வெளுத்தது என்று நினைத்தேன்.

"அப்புறம் சொல்றேண்டி" என்றாய், மெதுவாக.

"எதுக்கு அப்புறம்? என்ன வீடியோ எடுத்தப்போ அப்புறமாவா எடுத்த? மூணு வருஷம் என்னத் தள்ள வெச்சியே. உனக்கு மட்டும் இரும்புல பலம் வரலாமா?"

நீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் மலையிறங்கிப் போய்விட்டாய். அடிவாரத்திலிருந்து திரும்பும் வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாய். திண்டிவனம் வரும்வரை திறக்கவில்லை. அந்த நாலு மணி நேரமும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. மூன்று வருஷத்துச் சிரிப்பை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்சீட்டில் யாரோ மறுபடி 'ஆயா கியர்' என்றபோது, உனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

மறுநாளே பாஸ்கரிடம் போய் என் சைக்கிளில் முப்பத்திநாலு போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. அரை மணி நேர வேலை. இதற்காகவா மூன்று வருஷம் என்று கடை வாசலிலேயே நின்றிருந்தேன்.

நீ போன் செய்வாய் என்று காத்திருந்தேன். நீ செய்யவில்லை. நானும் செய்யவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நீ வரவில்லை. மூன்றாவது ஞாயிறு கொல்லிமலை என்று முன்பே முடிவாகியிருந்தது. எழுபது வளைவு. சனிக்கிழமை வேனில் நீ ஏறியதும் கூட்டம் கைதட்டியது. நீ எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்தாய்.

ஞாயிறு காலை காரவள்ளி அடிவாரத்தில் சைக்கிள்களை இறக்கினோம். என் கண் முதலில் போனது உன் முகத்துக்கு இல்லை, உன் பின்சக்கரத்துக்கு. பெரிய தட்டு போயிருந்தது. பழைய இருபத்தெட்டு மறுபடி வந்திருந்தது. நீளக் கை மட்டும் அப்படியே தொங்கியது. நான் பார்ப்பதை நீயும் பார்த்தாய். கையுறையைச் சரிசெய்துகொண்டு, எதுவும் நடக்காதது போலத் தண்ணீர் குடித்தாய். பாருடி, நான் யாரென்று, என்று நீ சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது. சரி, பார்க்கலாம் என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஏற்றம் தொடங்கியது. முதல்முறையாக எனக்கு மலை என்பது என்னவென்று தெரிந்தது. கால் சுற்றியது, மூச்சு சீராக வந்தது, மிளகுக் கொடி ஏறிய மரங்களைப் பார்க்க நேரம் கிடைத்தது. இறங்க வேண்டிய தேவையே வரவில்லை. முப்பதாவது வளைவுக்கு மேல் எங்கோ உன் முதுகு தெரிந்தது. நீ எழுந்து நின்று, ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்து மிதித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் நின்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் வந்தேன். உன் உதடு வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு மாதிரி. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் உன்னிடம் சொல்ல முடியாது.

"மெதுவாப் போடி" என்றாய்.

நாலு வருஷத்தில் நான் உன்னை முந்துவது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு வார்த்தையைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். வழக்கமாக நீ குத்துகிற தொனி அதில் இல்லை என்பது இப்போது நன்றாகவே கேட்கிறது. கூட வா என்று கேட்டிருக்கிறாய். என்னைத் தனியாக விட்டுப் போகாதே என்று உனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே விதத்தில் கேட்டிருக்கிறாய். நான் திரும்பிப் பார்க்காமல் போனேன். அடுத்த வளைவைத் தாண்டியபின் இன்னும் கொஞ்சம் வேகமாகவே போனேன்.

மற்றதெல்லாம் மர்சேல் அண்ணன் சொல்லித் தெரிந்ததுதான். அவர் உனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஐம்பதாவது வளைவுக்கு மேல் நேராக ஏற முடியாமல், சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும் அங்கிருந்து இங்கேயும் வளைந்து வளைந்து போனாயாம். கியர் போதாதவர்கள் அப்படித்தான் போவார்கள், ஏற்றத்தைக் கொஞ்சம் படுக்கவைப்பதற்காக. "எறங்கிடும்மா, எறங்கித் தள்ளுன்னு நாலு தடவ சொன்னேன். காதுல வாங்கல" என்றார். மேலேயிருந்து அன்னாசிப் பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று வளைவில் திரும்பியது. வேகமாக வரவில்லை, டிரைவர் ஹாரனும் அடித்திருக்கிறார். நீ அந்த நேரத்தில் வலது ஓரத்தில் இருந்தாய். திருப்ப உனக்குக் கையில் பலம் இருந்திருக்காது.

நான் உச்சியில் இருந்தேன். ஒரு முறைகூட இறங்காமல் வந்துவிட்டேன் என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்ததும் கீழே இறங்கினேன். அந்த டிரைவர் சாலையோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். உன்னை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டிருந்தது. நாமக்கல் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள்.

உன் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் பதினாறாம் நாள் முடிந்தபின்தான் என்னிடம் அதைச் சொன்னார். பத்து மாதமாக உனக்கு மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஏழுக்கு இறங்கியிருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்ல, கோடை விடுமுறை வரட்டும் என்று நீ தள்ளிப்போட்டிருக்கிறாய். அதுவரை சைக்கிளைத் தொடாதே என்றும் சொல்லியிருக்கிறார்கள். நீ தொடாமல் இருக்கவில்லை, பல்லைத்தான் மாற்றினாய். இரும்பு மாத்திரை வாங்கிய கையோடு முப்பத்திநாலும் வாங்கிக்கொண்டாய்.

பாஸ்கரிடமும் கேட்டேன். ஏலகிரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்தாயாம். "இத்தக் கழட்டிட்டுப் பழசப் போடு" என்றாயாம். அவன் எதற்கு என்று கேட்டதற்கு, "கொல்லிமல ஒண்ணு போயிட்டு வந்துடறேன். வந்து திரும்ப மாட்டிக்கறேன். பேர் எழுதிப் பத்திரமா வெய்யி" என்றாயாம். ஒரே ஒரு மலை. அதுவும் எனக்குக் காட்டுவதற்கு. அது முடிந்ததும் மறுபடி முப்பத்திநாலுக்கு வர நினைத்திருக்கிறாய்.

உன்னை நினைத்து நான் அழுததைவிடத் திட்டியது அதிகம். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லக் கூடாத விஷயமா அது? டீக்கடையில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் சொல்லியிருக்க முடியாது, சரி. வேனில் சொல்லியிருக்கலாம். இருபது நாளில் ஒரு நாள் போன் எடுத்து, எனக்கு உடம்பு சரியில்லடி, அதான் மாத்தினேன் என்று சொல்லியிருந்தால் நான் உன் வாசலில் வந்து நின்றிருப்பேன். பலம் கால்ல வரணும் என்று சொன்ன வாயால் அதைச் சொல்ல உனக்கு முடியவில்லை. என்னைத் தடுத்த அதே பேச்சு கடைசியில் உன்னையும் தடுத்துவிட்டது. முப்பத்திநாலு எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று உன் காலுக்குத் தெரிந்த அன்றாவது என் முட்டி உன் நினைவுக்கு வந்ததா? வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதை மன்னிக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

உன்னை அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துச் சிரித்தவளையும் மன்னிக்க முடியவில்லை. முப்பத்திநாலுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே ஆறு பல். உடம்பு முடியாமல் அந்த ஆறு பல்லை நீ மறைத்துவைத்திருந்தாய். நான் அதை வெளியே இழுத்துப்போட்டு எல்லோரையும் எண்ணச் சொன்னேன்.

நான் இப்போது நன்றாக மலை ஏறுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டி வலி இல்லை. போன வருஷம் ஏற்காட்டுக்கு ஒருமுறைகூட இறங்காமல் போனேன். கூட்டத்தில் புதிதாக இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், ஒருத்தி கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் நாளே அவள் சைக்கிளைப் பார்த்து, பெரிய பல் போட்டுக்கொள் என்றேன். "வெக்கமா இருக்குமேக்கா, எல்லாரும் சிரிப்பாங்களே" என்றாள். நான் குனிந்து என் டயரில் காற்றை அழுத்திப் பார்த்தேன். மர்சேல் அண்ணன்தான் சொன்னார், "இங்க யாரும் சிரிக்க மாட்டாங்கம்மா. இப்பல்லாம் சிரிக்கறதில்ல" என்று. சொல்லும்போது என்னைப் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தார்.

போன மாதம் உன் இரண்டாம் வருஷத் திதி. சேகர் அண்ணன் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபின், வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். இளைத்துவிட்டார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்மா. அவ கியர மாத்திட்டுத்தான் அங்க போனாளாமே. மர்சேல் சாரு பேச்சுவாக்குல சொன்னாரு. லேசா இருந்தத எடுத்துட்டுக் கஷ்டமானதப் போட்டாளாம். ஏன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தொண்டையில் பாயசத்தின் இனிப்பு இருந்தது. தண்ணீர் குடித்தேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எதிர்பார்த்த பதில்தான் என்பது போல.

"எனக்குத் தெரியும். என்னாலதான். அந்த வாரம் அவள ரொம்பத் திட்டிட்டேன். இந்த ஒடம்ப வெச்சிகினு மலைக்குப் போவியா, நீ என்ன சின்னப் பொண்ணா, ஏறவே முடியாது உன்னாலன்னு சொல்லிட்டேன். முடியாதுன்னு சொன்னா அவளுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். அந்த வீம்புலதான் மாத்திட்டா."

நான் வாயைத் திறந்தேன். இல்லை அண்ணே, அதற்கு முன்பே அவள் மாற்றிவிட்டாள், ஏலகிரி டீக்கடையில் என்ன நடந்ததென்றால், என்று தொடங்க வேண்டும். அவ்வளவுதான். நாலு வாக்கியம். மனிதர் இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருப்பது அவருடையது இல்லை என்று சொல்ல நாலு வாக்கியம் போதும். உள்ளே உன் பெண் பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது. அவள் காதில் விழும் என்று நினைத்தேன். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லண்ணே" என்று மட்டும் சொன்னேன். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடிய ஆறுதல். அவர் அதை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டார், உண்மையாக இல்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, "அவளுக்குன்னு நல்லது நெனச்சது நீங்க ஒருத்திதாம்மா. அடிக்கடி வந்துட்டுப் போங்க" என்றார்.

நான் மறுக்கவில்லை. "வரேண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் சொன்ன அந்த வார்த்தை என்னிடம்தான் இருக்கிறது. அது எனக்கு உரியது இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். உன் வீடு இங்கிருந்து இரண்டு தெரு. மேடு பள்ளம் இல்லாத சமத் தரை. ஒரு மாதமாகிறது, போகக் கால் வரவில்லை.